ஸ்டேடியம் நம்முது... டீம் யாருது?

முதல்லயே சொல்லிடறேன். நான் ஃபுட்பால் நிபுணன் எல்லாம் கிடையாது. பி.காம். கடைசி வருஷம் படிக்கிற பையன். ஆஃப்சைடு ரூலை இப்பவும் எங்க மாமாகிட்ட ஒரு தடவை கேட்டுத்தான் உறுதி பண்ணிக்குவேன். ஆனா கணக்கு கொஞ்சம் தெரியும். இந்தப் பதிவு விளையாட்டைப் பத்தினது மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள கணக்கைப் பத்தினதுதான்.

ஒரு சின்ன குவிஸ்.

கேள்வி ஒண்ணு: கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தை ஹோம் கிரவுண்டா வெச்சு ஆடி, ஐ-லீக் ஃபுட்பால் கப்பை ஜெயிச்ச டீம் எது?
விடை: சென்னை சிட்டி எஃப்.சி.

கேள்வி ரெண்டு: பேர்லயே கோவையை வெச்சுக்கிட்டு, 2016-ல ஆரம்பிச்சதுல இருந்து 2021 வரைக்கும் கோவையில ஒரு லீக் மேட்ச் கூட ஆடாத கிரிக்கெட் டீம் எது?
விடை: கோவை கிங்ஸ்.

சென்னை பேர்ல இருந்தவங்க இங்க ஆடினாங்க. கோவை பேர்ல இருந்தவங்க வெளியூர்ல ஆடினாங்க. நாம ரெண்டு பேருக்கும் கை தட்டினோம். இது யாருக்குமே விசித்திரமா படலைங்கறதுதான் எனக்கு விசித்திரமா இருக்கு.

போன வாரம் கேன்டீன்ல ஒரே சண்டை. கோவைக்கு சர்வதேச கிரிக்கெட் ஸ்டேடியம் வரப்போகுதுன்னு 2024 தேர்தல் பிரசாரத்துல அறிவிச்சாங்க இல்லையா, ஒண்டிப்புதூர் திறந்தவெளி சிறை இடத்தை எல்லாம் பார்த்தாங்களே, அதைப் பத்தி. "எத்தனை ஆயிரம் சீட்டு", "பார்க்கிங் பத்துமா", "திருச்சி ரோடு தாங்குமா"ன்னு ஆளாளுக்குக் கத்தறாங்க. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அங்க யாருடா ஆடப் போறாங்க?" எல்லாரும் என்னை ஏதோ அபசகுனம் பேசினவனைப் பார்க்கற மாதிரி பார்த்தாங்க. அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 2019 மார்ச் 9, சனிக்கிழமை. எனக்கு அப்ப பதினாலு வயசு கூட முடியல. மாமா "வா கண்ணு, இன்னிக்கு ஊர்ல ஒரு பெரிய சங்கதி நடக்குது"ன்னு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனார். வ.உ.சி. பூங்கா பக்கத்துல இருக்கற அதே நேரு ஸ்டேடியம். அதுவரைக்கும் எனக்கு அது ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மீட் நடக்கற இடம், அவ்வளவுதான். சுத்தி இருக்கற கடைகள்ல காருக்கு சீட் கவர் போடுவாங்க. உள்ள ஒரு கிரவுண்டு இருக்குங்கறதே பாதிப் பேருக்கு மறந்துபோன ஸ்டேடியம்.

நிலவரம் இதுதான். சென்னை சிட்டி 40 பாயின்ட். ஈஸ்ட் பெங்கால் 39. ரெண்டு பேருக்கும் அன்னிக்குத்தான் கடைசி மேட்ச், ரெண்டும் ஒரே நேரத்துல. இங்க மினர்வா பஞ்சாபோட நாம. அங்க கோழிக்கோட்டுல கோகுலம் கேரளாவோட ஈஸ்ட் பெங்கால். நாம ஜெயிச்சா கப். டிரா ஆகி அவங்க ஜெயிச்சுட்டா கப் கொல்கத்தாவுக்கு.

ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே மினர்வா கோல் போட்டுட்டாங்க. ஸ்டேடியமே இழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. பாதி ஆட்டம் அப்படியே போச்சு. ரெண்டாவது பாதியில பெனால்ட்டி கிடைச்சது. பெட்ரோ மான்சி அடிச்சார். அந்த சீசன்ல அவருக்கு அது 21-வது கோல். அப்பறம் கௌரவ் போரா, அசாம்காரர், டிஃபென்டர். கோல் அடிக்கறது அவர் வேலையே இல்ல. அன்னிக்கு ரெண்டு அடிச்சார், ரெண்டாவது கடைசி நிமிஷத்துல. 3-1. கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்காலும் 2-1-ன்னு ஜெயிச்சுட்டாங்க. ஆனா பிரயோஜனமில்ல. 43-க்கு 42. ஒரே ஒரு பாயின்ட்.

மாமா பனியன் கம்பெனிக்கு நூல் விக்கறவர். வாழ்க்கையில எதுக்கும் சத்தம் போட்டுப் பார்த்ததில்ல. அன்னிக்குப் பக்கத்துல இருந்த முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளைக் கட்டிப்பிடிச்சு, "நம்ம ஊருங்க! நம்ம ஊருங்க!"ன்னு கத்தினார். அந்த ஆளும் "ஆமாங்க, ஆமாங்க"ன்னு கத்தினார்.

இந்த 'நம்ம ஊரு'ங்கற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க. திரும்ப வரேன்.

ஐ-லீக் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. அப்ப இந்திய ஃபுட்பால்ல காசு, டிவி, நட்சத்திரம் எல்லாம் ஐ.எஸ்.எல். பக்கம். ஐ-லீக் பேருக்கு தேசிய லீக், நடப்புல ரெண்டாம் பந்தி. சாதாரணமா உலகத்துல ரெண்டாம் பந்தியில ஜெயிச்சா முதல் பந்திக்குக் கூப்பிடுவாங்க. இங்க 2019-ல அந்தப் பேச்சே கிடையாது. ஐ-லீக்ல ஜெயிச்சதுக்காக ஐ.எஸ்.எல்.லுக்கு ஒரு டீம் முதன்முதலா ஏறினது, 2022-23-ல ஜெயிச்ச பஞ்சாப் டீம்தான். நம்ம கப்பு வந்தது நாலு வருஷம் முந்தி.

கப்பு ஜெயிச்சப்பறம் என்ன ஆச்சு? ஸ்விட்சர்லாந்தோட எஃப்.சி. பாசல் கிளப் 2019-ல 26 சதவீதப் பங்கு வாங்கினாங்க. ஆஹா, ஊரே ஐரோப்பா ஆகப்போகுதுன்னு நாம நினைச்சோம். சாம்பியன்ங்கறதால ஆசிய அளவுல ஆட வாய்ப்பு வந்தது. அந்த மேட்ச்சுகள் கோவையில நடக்கல. 2020-ல மான்சி ஜப்பானுக்குப் போயிட்டார். 2020-21 சீசன் கொரோனா காரணமா முழுக்க மேற்கு வங்காளத்துலயே நடந்தது. 2021-22 ஐ-லீக் பட்டியல்ல சென்னை சிட்டிங்கற பேரே இல்ல. கப்பு ஜெயிச்சு மூணு வருஷம் கூட ஆகல.

வருத்தம் என்னன்னா, டீம் போனது கூட இல்ல. போனதே ஊருக்குத் தெரியல. ஒரு கண்டனக் கூட்டம் கிடையாது, ஒரு போஸ்டர் கிடையாது. எதுக்கெடுத்தாலும் கதவடைப்பு பண்ணற ஊருங்க நம்முது. நான் காலேஜ் சேர்ந்தப்பறம் கிளாஸ்ல கேட்டேன், "நம்ம கிரவுண்டுல ஆடின டீம் ஐ-லீக் கப்பு ஜெயிச்சது தெரியுமா?"ன்னு. அறுபது பேர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சிருந்தது. அந்த நாலுல ஒருத்தன் மலையாளி.

ஏன் இப்படி? என்னோட பதில்: அது எப்பவுமே நம்ம டீம் இல்ல. நம்ம வீட்டுக்கு வந்த ஒறம்பரை. நல்லாத்தான் வந்தாங்க, நல்லாத்தான் இருந்தாங்க, நமக்குப் பெருமையும் சேர்த்தாங்க. ஆனா ஒறம்பரை போகும்போது யாரும் தடுக்க மாட்டாங்க. தடுக்க நமக்கு உரிமையும் கிடையாது.

சரி, அது சென்னை பேரு வெச்ச டீம், நமக்கென்னன்னு விட்டுடலாம். நம்ம பேரு வெச்ச டீம்களைப் பார்ப்போம்.

டி.என்.பி.எல். 2016-ல ஆரம்பிச்சது. அந்த லீக் கோவைக்கு வந்ததே 2022-லதான், எஸ்.என்.ஆர். காலேஜ் கிரவுண்டுக்கு. அந்த வருஷ ஃபைனலும் இங்கதான். மழை வந்து ஆட்டம் நின்னு, கோவை கிங்ஸும் சேப்பாக் சூப்பர் கில்லீஸும் கப்பைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. 2023-ல கோவை தனியாவே ஜெயிச்சது, ஃபைனல் திருநெல்வேலியில. சாய் சுதர்சன், ஷாருக் கான் மாதிரி ஆளுங்க ஆடின டீம். நல்ல டீம், மறுக்கல. ஆனா அதுல கோவைங்கறது என்ன? ஒரு பேர்ப்பலகை.

பேர்ப்பலகைன்னு சொன்னா கோபம் வருதா? திருப்பூர் தமிழன்ஸ் கதையைக் கேளுங்க. அந்த டீம் முதல்ல காரைக்குடி காளை. அப்பறம் பேரை மாத்தி திருப்பூர் தமிழன்ஸ். சேலம் ஸ்பார்ட்டன்ஸ் அதுக்கு முன்னாடி தூத்துக்குடி பேட்ரியாட்ஸ். தூத்துக்குடிக்காரனுக்கு ஒரு நாள் காலையில எழுந்து பார்த்தா டீம் சேலத்துக்குப் போயிடுச்சு. அவன்கிட்ட யாராவது கேட்டாங்களா? திருப்பூர் டீம் 2025-ல கப்பே ஜெயிச்சது. ஃபைனல் திண்டுக்கல் பக்கம் நத்தத்துல. திருப்பூர்ல இருக்கற என் மாமாவோட முதலாளி பையன் அதை டிவியில பார்த்தான். அவனுக்கு ஹோம் மேட்ச்சும் டிவிதான், வெளியூர் மேட்ச்சும் டிவிதான்.

இப்ப கணக்குக்கு வருவோம்.

ரெண்டாம் வருஷம் அக்கவுன்ட்ஸ் படிச்சவங்களுக்கு குட்வில் ஞாபகம் இருக்கும். ஒரு கடைக்கு நல்ல பேரு இருந்தா அதுக்கும் ஒரு விலை உண்டு. ஆனா அக்கவுன்டிங் ஸ்டாண்டர்டு 26 என்ன சொல்லுது? தானாவே வளர்த்த குட்வில்லை சொத்தா கணக்குல காட்டக் கூடாது. அதை யாராவது காசு குடுத்து வாங்கினாத்தான் அது ஏட்டுல ஏறும்.

ஒரு டீமுக்கு குட்வில் எங்க இருந்து வருது? சீட்டுல உக்கார்ந்து கத்தற ஆளுங்ககிட்ட இருந்து. ஊர்ப் பேர்ல இருந்து. மக்கள் வரிப்பணத்துல கட்டின ஸ்டேடியத்துல இருந்து. மாமா கட்டிப்பிடிச்ச அந்த முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட இருந்து. அதை விக்கும்போது காசு யாருக்கு வருது? பங்கு வெச்சிருக்கறவருக்கு. டீம் மூடும்போது நஷ்டம் யாருக்கு? அவருக்கும்தான், மறுக்கல. ஆனா நம்ம நஷ்டம் எந்த ஏட்டுலயும் ஏறாது. ஏறாததால அது நஷ்டமே இல்லைன்னு ஊரே நம்பிடுச்சு.

இங்க ஒண்ணு தெளிவா சொல்லணும். சென்னை சிட்டியை நடத்தினவங்க மேல எனக்குக் கோபமே இல்ல. கைக்காசு போட்டாங்க. எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ யேசுராஜ் மாதிரி பசங்க அங்க ஆடித்தான் பெரிய கிளப்புகளுக்குப் போனாங்க. மத்தவங்க யாரும் காட்டாத கப்பை நம்ம கிரவுண்டுலயே காட்டினாங்க. நஷ்டத்துல ஒரு கம்பெனியை எத்தனை வருஷம் ஓட்ட முடியும்? என் கோபம் நம்ம மேல. தங்க முட்டை போடற கோழி வாசலுக்கு வந்தது, அதுக்கு ஒரு கூடை கூட நாம வைக்கல.

இதுக்கு வழக்கமா ரெண்டு பதில் வரும்.

முதல் பதில்: "கூட்டமே வரல, டீம் எப்படி நிக்கும்?" நியாயமான கேள்வி. இதுல நானும் குத்தவாளிதான். அந்த ஃபைனல் நாளுக்கு முன்னாடி நான் போனது ஒரே மேட்ச். அடுத்த சீசன்ல ரெண்டு. அப்பறம் ட்யூஷன், பத்தாங்கிளாஸ்னு சாக்கு. ஆனா இதையும் யோசிங்க. அடுத்த வருஷம் இருக்குமா இருக்காதான்னு தெரியாத டீமுக்கு யார் மனசைக் குடுப்பாங்க? பேரே வேற ஊரு பேரா இருந்தா? கூட்டம் வந்தாத்தான் டீம் நிக்கும்ங்கறது பாதி உண்மை. டீம் நிக்கும்னு தெரிஞ்சாத்தான் கூட்டம் வரும்ங்கறது மீதி.

ரெண்டாவது பதில்: "மக்கள் சேர்ந்து டீம் நடத்தறதா? நடக்கற கதையைப் பேசு. முதல் மீட்டிங்லயே அடிதடி." இதுக்குத்தான் உங்களை அமெரிக்கா கூட்டிட்டுப் போறேன். பயப்படாதீங்க, சீக்கிரம் திரும்பிடலாம் :)

அங்க பேஸ்பால்ல மைனர் லீக்னு ஒண்ணு இருக்கு. பெரிய டீம்களுக்குக் கீழ, சின்ன ஊர்கள்ல ஆடற டீம்கள். பெரிய கிளப் நினைச்சா ஒரே நாள்ல உறவை வெட்டிவிடலாம். 1956-ல ரோச்செஸ்டர்ங்கற ஊருக்கு அதுதான் நடந்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கிளப் "இனிமே எங்களால முடியாது"ன்னு கை விரிச்சுட்டாங்க. ஊர் என்ன பண்ணிச்சு? மாரி சில்வர்ங்கற உள்ளூர் வியாபாரி முன்னாடி நின்னு, டீமைப் பங்காப் பிரிச்சு ஊர்க்காரங்களுக்கே வித்தார். 8,222 பேர் பங்கு வாங்கினாங்க. ரெட் விங்ஸ்ங்கற அந்த டீம் இன்னிக்கும் அதே ஊர்ல ஆடுது. பெரிய ஆட்டக்காரர் ஓய்வு பெறும்போது அவர் ஜெர்சி நம்பரை இனி யாருக்கும் தர மாட்டோம்னு வைப்பாங்க இல்ல? அவங்க 8222-ங்கற நம்பரையும் அப்படி வெச்சிருக்காங்க. பங்கு வாங்கின ஜனங்களுக்கு மரியாதையா.

2021 சீசனுக்கு அமெரிக்க பேஸ்பால் நிர்வாகம் மைனர் லீக் டீம்களை 160-ல இருந்து 120-ஆ வெட்டினப்ப எத்தனையோ ஊரு டீமை இழந்தது. ரோச்செஸ்டர் தப்பிச்சது. பங்குதான் காப்பாத்திச்சுன்னு நான் சொல்லல. ஆனா 1957-ல அந்த 8,222 பேர் இல்லைன்னா, 2021-ல காப்பாத்த அங்க டீமே இருந்திருக்காது. டொலிடோன்னு இன்னொரு ஊரு. அங்க மட் ஹென்ஸ் டீமே அந்த மாவட்ட நிர்வாகத்தோட சொத்து. ஜெர்மனியில ஃபுட்பால் கிளப்ல பாதிக்கு மேல ஓட்டு உறுப்பினர்கள்கிட்ட இருக்கணும்னு விதியே இருக்கு. ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு தவிர, முதலீட்டாளர் காசு போடலாம், கிளப்பைத் தூக்கிட்டுப் போக முடியாது.

இப்பச் சொல்லுங்க. மில்லு ஷேர் வாங்கி, சீட்டு கட்டி, கூட்டுறவு சொசைட்டி நடத்தி வளர்ந்த ஊருக்கு இது தெரியாத வித்தையா? நாலு பங்காளி சேர்ந்து பம்புசெட் பட்டறை போடற ஊருக்கு, எட்டாயிரம் பேர் சேர்ந்து ஒரு டீம் நடத்தறது அவ்வளவு பெரிய விஷயமா? கார் ரேஸுக்கு செட்டிபாளையத்துல தனியா ட்ராக்கே போட்ட ஊருங்க இது. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில நடராஜன் தன் கிராமத்துலயே கிரவுண்டு போட்டு 2023-ல திறந்தார். தனி ஆளா அவரால முடிஞ்சிருக்கு.

அதனால என் கோரிக்கை இதுதான். பொதுப் பணத்துல கட்டின எந்த ஸ்டேடியத்தையும் ஒரு டீமுக்குக் குடுக்கும்போது நாலு நிபந்தனை போடுங்க.

ஒண்ணு, பேர்ல ஊர் இருக்கணும். சென்னை பேரை வெச்சுக்கிட்டு இங்க வரக் கூடாது. கோவை பேரை வெச்சுக்கிட்டு வேற எங்கயும் போகவும் கூடாது.

ரெண்டு, குறைஞ்சது பத்து வருஷ ஒப்பந்தம், முன்பணத்தோட. வாடகைக்குக் கடை எடுக்கறவனே அட்வான்ஸ் குடுக்கறான். பாதியில போனா அந்தப் பணம் உள்ளூர்ப் பள்ளிக்கூட லீக்குக்குப் போகட்டும்.

மூணு, பங்குல ஒரு பகுதி பொதுமக்களுக்கு. கால்வாசியாவது. பாசலுக்கு 26 சதவீதம் வித்த மாதிரி பொள்ளாச்சிக்காரனுக்கும் அவினாசிக்காரனுக்கும் விக்கலாமே? பேரு, ஊரு, ஜெர்சி நிறம், இந்த மூணையும் மாத்தணும்னா அந்தப் பங்குதாரர்கள் ஓட்டு இல்லாம முடியாதுன்னு எழுதி வைங்க.

நாலு, பதினஞ்சு வயசுக்குக் கீழ ஒரு உள்ளூர் டீம் கட்டாயம். பெரிய டீம் நாளைக்கே போனாலும் இவங்க இருப்பாங்க.

இதுல எதுவும் புதுசு இல்ல, புரட்சியும் இல்ல. கம்பெனி லா புத்தகத்துல இருக்கற சமாசாரம்தான். செய்யணும்னு நினைக்க ஆள் வேணும், அவ்வளவுதான்.

கடைசியா அந்தப் புது ஸ்டேடியம். வேண்டாம்னு நான் சொல்லல. வரட்டும், சந்தோஷம். ஆனா சர்வதேச மேட்ச் ஒரு ஊருக்கு வருஷத்துல எத்தனை நாள் கிடைக்கும்? சேப்பாக்கத்துக்கே எப்பவாவதுதான் கிடைக்குது. மீதி நாள் அங்க யார் ஆடுவாங்க? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாம கட்டினா, ஒண்டிப்புதூர்லயும் சுத்தி கடை வாடகைக்கு விட்டு, காருக்கு சீட் கவர்தான் போடுவோம். நேரு ஸ்டேடியத்துல கப்பு ஜெயிச்சே நம்மால டீமைத் தக்க வெக்க முடியலைங்கறதை மறந்துட்டு, அதைவிடப் பெரிசா ஒண்ணு கட்டினா ஆச்சா?

போன ஞாயித்துக்கிழமை மாமா வந்திருந்தார். அவர்கிட்ட கேட்டேன், "மாமா, அன்னிக்கு நம்ம ஊருங்க நம்ம ஊருங்கன்னு கத்தினீங்களே, அந்த டீம் இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "அது சென்னைக்காரங்க டீம்தானே கண்ணு. திரும்பிப் போயிருப்பாங்க"ன்னார்.

எங்கயும் திரும்பிப் போகல மாமா. போறதுக்கு அதுக்கு ஒரு ஊரே இல்ல. நாமதான் அந்த ஊரா இருந்திருக்கணும்.